பெங்களூரில் கடை வேலையா? உங்கள் சம்பள லீவைக் கணக்குப் போடுவது இப்படி

சிக்பேட் ஜவுளிக்கடையிலும் சிவாஜி நகர் மொபைல் கடையிலும் நம்ம ஆட்கள் ஜுரத்தோடு கவுன்டரில் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. லீவு என்பது முதலாளி மனசு வைத்துக் கொடுப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

படி 1: எந்தச் சட்டத்தில் வருகிறீர்கள் என்று பாருங்கள். கடை, ஹோட்டல், ஐடி கம்பெனி எல்லாம் 1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் வரும். ஓசூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனாலும் இதே சட்டம்தான், ஏனென்றால் வேலை நடக்கிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். பீன்யா பக்கம் ஃபேக்டரிக்குள் வேலை என்றால் அதற்கு வேறு சட்டம். நிர்வாகப் பதவியில் இருப்பவர்களும் அரசு அலுவலக ஊழியர்களும் இதில் வரமாட்டார்கள். அப்புறம் வீட்டு வேலை செய்யும் அக்காக்கள்: வீடு வணிக நிறுவனம் இல்லை என்பதால் அவர்களுக்கு இதில் இடமே இல்லை. விடிகாலையில் கிளம்பி நாலு வீடு ஏறி இறங்குகிறவர்களை இப்படி வெளியே நிறுத்தியிருப்பது பெரிய அநியாயம்.

படி 2: கணக்கு. வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் சம்பளத்தோடு லீவு. 280 நாள் வேலை பார்த்திருந்தால் 14 நாள். எடுக்காமல் விட்டது 45 நாள் வரை சேரும். இதுபோக உடம்பு சரியில்லை, அடிபட்டது, வேறு நியாயமான காரணம் என்றால் வருஷத்துக்கு 12 நாள் வரை தனியாக உண்டு. வார விடுமுறையை இதில் கழிக்கக்கூடாது.

படி 3: தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1963ஆம் ஆண்டு கர்நாடகச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, கூடவே 5 பண்டிகை நாட்கள் சம்பளத்தோடு விடுமுறை. பொங்கல் வேண்டுமென்றால் கடையில் பண்டிகை விடுமுறைப் பட்டியல் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

படி 4: ஆதாரம். இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த 30 நாளுக்குள் நியமனக் கடிதம் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேலைக்குப் போன நாட்களை டைரியில் எழுதி வையுங்கள். லீவையும் வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் பகுதி லேபர் இன்ஸ்பெக்டரிடம், இல்லையென்றால் பன்னேர்கட்டா ரோட்டில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனில் எழுத்தில் புகார் கொடுங்கள். டைரியின் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் உங்களிடமே இருக்கட்டும்.