ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிறீர்களா? கூடப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் சொந்தக்காரர்கள் போன் போட்டு முதலில் கேட்பது, "அங்கே தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா சிஸ்டர்?" என்றுதான். நோயாளியைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் போதும். டூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதும் முதல் நாலு வரி அவர் சொல்வதை வைத்துத்தான்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் வீடுகள் தடுமாறுகின்றன. மாத்திரை எடுத்துக் கொடுத்து, விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் மருமகள். கேஷுவாலிட்டியில் பேசுவதோ வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மகன். மருமகளை 108-லேயே ஏற்றி அனுப்புங்கள், அவரையே பேச விடுங்கள்.

நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் அந்தக் கணக்கு. காலை 6 மணிக்கு எழும்போதே அப்படி இருந்தார், இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் 10 மணி என்றே சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

மாத்திரைகளைப் பையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். "சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நாலு கொடுப்பார்கள், பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். அதனால் எந்த மாத்திரையானாலும் பெயரும் மில்லிகிராமும் தெரிகிற ஒரு அட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் கடைசி ஊசி எப்போது, எத்தனை யூனிட் என்பது வேண்டும். நாட்டு மருந்தையும் மறைக்க வேண்டாம்.

குடிப்பழக்கத்தையும் அப்படித்தான். தினமும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் குடி திடீரென நின்றுபோகும். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், உளறல், வலிப்பு என்று வரும். முன்பே தெரிந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. கௌரவம் பார்த்து மறைத்தால் உயிருக்கே ஆபத்து.

பாம்புக்கடி என்றால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். உறையாமல் தண்ணியாக ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை காட்டுகிறது என்று தெரிந்துவிடும். பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் லேபிளோடு டப்பாவைக் கொண்டு வாருங்கள். மருந்துக்கு மருந்து சிகிச்சை மாறும்.

விபத்து என்றால் போலீஸ் வரட்டும் என்று யாரும் காக்க வைக்கக்கூடாது. முதலில் சிகிச்சை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அடிபட்டவரைத் தூக்கி வந்த வழிப்போக்கர் விருப்பமில்லாவிட்டால் தன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துப் பதிவேட்டில் போடும் ஏ.ஆர். நம்பரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பிற்பாடு இழப்பீடு கேட்க அது வேண்டும்.

ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். கையில் இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள், காகிதத்தை இன்னொருவர் பிறகு கொண்டு வரலாம்.

பெட் கிடைத்ததும் மோதிரம், மூக்குத்தி, மெட்டியைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கை வீங்கிவிட்டால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வராத அம்மாக்களுக்கு மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டி ஆபரேஷனுக்கு அனுப்பியிருக்கிறோம். எந்த யூனிட், எந்த டாக்டர், ரவுண்ட்ஸ் எத்தனை மணிக்கு என்று அன்றே கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் டீ குடிக்கக் கீழே போய்விடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை அடுத்த தடவையும் கொண்டு வர வேண்டும், பத்திரம். ஈ.சி.ஜி. தாளை மட்டும் லேமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் கறுத்து, கோடே தெரியாமல் போய்விடும். ஜெராக்ஸ் எடுத்துச் சம்மரியோடு சேர்த்து வையுங்கள்.