பல் எடுத்த இடத்தில் எலும்பு எவ்வளவு குறைந்தது என்று அளப்பது எப்படி?

எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அம்மாவுக்கு வலது கீழ்க் கடைவாய்ப்பல் வேர் வரை பிளந்துபோய், எடுக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதம் கழித்து வந்தவர் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க டாக்டரம்மா, பல்லுப் புடுங்குன எடம் உள்ள அமுங்கிப் போச்சுங்களே?" "ஆமாங்கம்மா, 2.8 மி.மீ. அமுங்கியிருக்குது" என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னேன். பல் எடுத்த அன்றே அளந்து வைத்திருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. ஈரோட்டில் 14 வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். படித்து முடித்துப் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக, நான் அளக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எலும்பு ஏன் குறைகிறது என்று உங்களுக்குத் தெரியும். பற்குழியின் உட்சுவரில் வேரைப் பிடித்திருக்கும் மெல்லிய எலும்பு பல்லுக்காகவே இருப்பது, பல் போனால் அதுவும் போகும். கன்னப்பக்கச் சுவர் மெலிசு என்பதால் இழப்பு அங்கேதான் அதிகம். மேல் முன்பற்களில் அந்தச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது. டென்மார்க்கில் லார்ஸ் ஷ்ரோப் குழுவினர் 46 பேரை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பகுதியில் சராசரி 12 மி.மீ. இருந்த அகலம் 5.9 ஆகிவிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டது. அந்த அகலத்தை அவர்கள் அச்சு எடுத்து வார்த்த மாதிரிகளில்தான் அளந்தார்கள். அச்செடுக்கும் ஆல்ஜினேட்டும், மாதிரி வார்க்கும் ஸ்டோனும், அளக்கும் கேலிபரும் நம் எல்லோரிடமும் இருக்கின்றன.

அளப்பதில் கஷ்டமான வேலை ஒன்றுதான்: மூன்று மாதம் கழித்தும் அதே புள்ளிக்குத் திரும்பி வருவது. ஈறு மாறும், எலும்பு மாறும், பக்கத்துப் பல்கூடக் கொஞ்சம் சாயும். மாறாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்துதான் அளக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்டென்ட், அதாவது பற்களின் மேல் கச்சிதமாக உட்காரும், துளை போட்ட ஆக்ரிலிக் கவசம்.

ஸ்டென்டைப் பல் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள். அச்செடுத்து ஸ்டோனில் வார்த்து, எடுக்கப்போகும் பல்லுக்கு முன்னும் பின்னும் கிடைக்கிற பற்களையும், இருபக்க ஈறையும் மூடும்படி கோல்ட் க்யூர் ஆக்ரிலிக்கில் (சூடாக்காமலே இறுகும் பிளாஸ்டிக்) செய்வேன். பக்கத்துப் பற்களின் முகடுகள் வரும் இடத்தில் சின்னச் சின்ன ஜன்னல் வெட்டி வைப்பேன். ஸ்டென்ட் முழுசாக உட்கார்ந்ததா என்று அந்த ஜன்னலில் தெரியும்: முகடு ஆக்ரிலிக்கை ஒட்டி நிற்க வேண்டும், நூல் இழை இடைவெளி இருந்தாலும் அன்றைய அளவு செல்லாது. பிறகு பல்லின் நடுக்கோட்டில், ஈறு விளிம்பிலிருந்து 4 மி.மீ., 7 மி.மீ. கீழே, கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் நேருக்கு நேராகத் துளை போடுங்கள். அந்த இடத்தில் ஆக்ரிலிக் 3 மி.மீ. கனமாவது இருக்கட்டும். ஈறு சுருங்கி ஸ்டென்டை விட்டு விலகிய பிறகும் ஊசி அதே திசையில் போக அந்தக் கனம்தான் வழிகாட்டும்.

பக்கத்துப் பல்லில் சொத்தை இருந்தால் முதலில் அதை அடைத்து முடியுங்கள். ஒருவருக்கு இடையில் பக்கத்துப் பல்லுக்குக் கேப் போட்டுவிட்டேன். அதோடு ஸ்டென்ட் உட்காரவில்லை, அந்த மூன்று மாத அளவும் வீணானது. அளவுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் ஸ்டென்டைத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு, பெயரும் பல் எண்ணும் எழுதி வையுங்கள். காய விட்டால் ஆக்ரிலிக் கோணிக்கொள்ளும்.

பல் எடுக்கும் அன்று மரத்துப்போக ஊசி போட்டபின், பல்லை அசைப்பதற்கு முன்னால், ஸ்டென்டை மாட்டுங்கள். ரப்பர் ஸ்டாப்பர் கோத்த மெல்லிய ஸ்டெரைல் ஊசியைத் துளை வழியே ஈறுக்குள் விடுங்கள். ஈறு மெத்தென்று வழிவிடும், எலும்பைத் தொட்டதும் 'டக்'கென்று நிற்கும், கையில் நன்றாகவே தெரியும். அழுத்தித் துளைக்க வேண்டாம். ஸ்டாப்பரை ஸ்டென்ட் வரை இறக்கி, வெளியே எடுத்துக் கேலிபரில் வைத்துப் பாருங்கள். ஸ்டென்டின் வெளிமுகத்திலிருந்து எலும்பு வரை உள்ள தூரம் கிடைக்கும். அதே துளையில் ஈறின் மேற்பரப்பு வரைக்கும் உள்ள தூரத்தைக் கழித்தால் ஈறின் தடிமன்.

அடுத்து, ஸ்டோன் மாதிரியில் ஸ்டென்டை வைத்து, துளை வழியே இரண்டு பக்கமும் புள்ளி குத்தி, ஸ்டென்டை எடுத்துவிட்டுப் புள்ளிக்குப் புள்ளி கேலிபரால் அளக்க வேண்டும். மாவு அம்மாவுக்கு 4 மி.மீ. துளை இருக்கும் உயரத்தில் வெளி அகலம் 13.2. கன்னப்பக்க ஈறு 1.3, நாக்குப்பக்க ஈறு 1.4. கழித்தால் எலும்பு 10.5. மூன்றாவது மாதம் புதிதாக அச்செடுத்து, அந்த இடத்தை மரக்கவைத்து, அதே துளைகளில் அளந்தபோது வெளி அகலம் 10.8, ஈறு 1.6, 1.5. எலும்பு 7.7. முன்னைவிட 2.8 குறைவு.

ஈறைக் கழிக்காமல் மாதிரியை மட்டும் அளந்திருந்தால் 2.4 என்று வந்திருக்கும். பல் எடுத்த இடத்தில் ஈறு பல நேரம் தடித்துக்கொள்ளும், மேல் முன்பற்களில் மெல்லிய சுவர் கரைந்தவர்களுக்கு ரொம்பவே தடிக்கும். எலும்பு போனதை ஈறு மூடி மறைத்துவிடும். வாய்க்குள் விட்டு எடுக்கும் இன்ட்ரா ஓரல் ஸ்கேனரில் இரண்டு ஸ்கேனைப் பொருத்திப் பார்த்து, வித்தியாசத்தை எலும்பு இழப்பு என்று எழுதுபவர்களிடம் நான் சொல்வதும் இதுதான். ஸ்கேனர் காட்டுவது ஈறின் மேற்பரப்பை, உள்ளே இருக்கும் எலும்பை அல்ல.

சில நேரம் மேல் துளையில் ஊசி எலும்பைத் தொடாமலே போகும். எலும்பின் உச்சி அந்தத் துளைக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே பூஜ்யம் என்று எழுதாமல் 'எலும்பு இல்லை' என்றே எழுதுங்கள்.

உயரத்துக்குச் சின்ன எக்ஸ்ரே போதும். ஃபிலிம் ஹோல்டரின் கடிக்கட்டையில் புட்டி (மாவு போன்ற அச்சுப்பொருள்) வைத்து நோயாளியைக் கடிக்கச் சொல்லி, அந்தப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த முறையும் ஏறக்குறைய அதே கோணம் கிடைக்கும். 5 மி.மீ. இரும்புக் குண்டு ஒன்றைச் சேர்த்து எடுங்கள். படத்தில் அது 5.5 என்று வந்தால், அளந்ததையெல்லாம் 1.1ஆல் வகுக்க வேண்டும். இருபக்கப் பற்களின் கிரீடமும் வேரும் சேரும் இடங்களை இணைத்து ஒரு கோடு, அங்கிருந்து எலும்பு உச்சி வரை உயரம். ஆனால் இந்தப் படத்தில் கன்னச்சுவரும் நாக்குச்சுவரும் ஒன்றின் மேல் ஒன்று விழும், தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜியில் உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறும், இந்த வேலைக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

தாடையை முப்பரிமாணத்தில் எடுக்கும் சிபிசிடி ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டும். அதில்தான் நான் பெரிய தப்பும் செய்தேன். ஆரம்ப காலத்தில் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்த இடத்தில், எலும்பு உச்சியிலிருந்து 1 மி.மீ. கீழே அகலம் அளந்தேன். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் உச்சியிலிருந்து 1 மி.மீ. கீழே அளந்தேன். எலும்பு அகலமாகியிருந்தது! இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகுதான் புரிந்தது. உச்சி இறங்கிவிட்டது, நான் அளந்தது அதற்கும் கீழே. கீழ்த்தாடை அந்த இடத்தில் கீழே போகப் போக அகலம்தானே. அன்றிலிருந்து, இரண்டு ஸ்கேனையும் முதலில் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துகிறேன். கீழ்த்தாடை என்றால் அதன் அடி விளிம்பை வைத்து, மேல்தாடை என்றால் மண்டையோட்டு அடித்தளத்தை வைத்து. பல் எடுத்த இடத்தை வைத்துப் பொருத்தவே கூடாது. 1, 3, 5 மி.மீ. கோடுகளை முதல் நாள் நாக்குப்பக்கச் சுவரின் உச்சியிலிருந்து போட்டு, அதே கோடுகளை இரண்டாவது ஸ்கேனிலும் வைத்து அளக்கிறேன்.

வாக்ஸல் (ஸ்கேன் படத்தின் மிகச் சின்னக் கட்டம்) அளவையும் எழுதி வையுங்கள். 0.4 மி.மீ. வாக்ஸலில் எடுத்த ஸ்கேனில் அரை மில்லிமீட்டர்ச் சுவர் தெரியாமலே போகலாம், சுவர் இல்லை என்று நினைத்துவிடுவோம். அப்புறம், அளவுக்காக மட்டும் ஒருவரைச் சிபிசிடிக்கு அனுப்பாதீர்கள். சிகிச்சைக்குத் தேவைப்படும்போது எடுப்பதிலேயே அளந்துகொள்ளலாம்.

கடைசியாக, உங்கள் கையை அளக்க வேண்டும். 10 மாதிரிகளை அளந்து, ஒரு வாரம் கழித்துப் பழைய எண்களைப் பார்க்காமல் திரும்ப அளங்கள். ஒவ்வொன்றின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 20ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் பிழை. எனக்கு 0.3 மி.மீ. ஒரு மாற்றத்தில் இரண்டு அளவுகளின் பிழையும் சேரும், அதனால் 0.8க்குக் குறைவான மாற்றத்தை நான் மாற்றம் என்றே சொல்வதில்லை.

மாவு அம்மாவுக்கு ஆறாவது மாதம் 7.1 வந்தது. 4 மி.மீ. இம்ப்ளான்டுக்கு (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) இருபக்கமும் ஒன்றரை ஒன்றரை எலும்பு விட்டால் 7 வேண்டும். என் பிழை 0.3 இருக்கையில் அந்த 0.1ஐ நம்பிக் கத்தி எடுக்க மனசு வரவில்லை. எப்படியும் நரம்பு போகும் பாதையைப் பார்க்க வேண்டியிருந்ததால் சிபிசிடி எடுத்தோம். அதே உயரத்தில் 6.8. கன்னப்பக்கம் கொஞ்சம் எலும்புத் தூள் வைத்துத்தான் இம்ப்ளான்ட் போட்டேன். அவருடைய ஸ்டென்ட் இன்னும் தண்ணீர் டப்பாவில் இருக்கிறது, ஆடி மாதம் திரும்ப அளக்க வரச் சொல்லியிருக்கிறேன்.