மூணு சிரட்டை, ஒரு அண்டிப்பருப்பு: மாத்தணுமா, வேண்டாமா?

மூன்று சிரட்டைகளை (தேங்காய் ஓடு) கவிழ்த்து ஒன்றின் அடியில் அண்டிப்பருப்பை (முந்திரிப்பருப்பு) வையுங்கள். ஆடுபவர் ஒன்றைத் தொட்டதும், வைத்தவர் மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் தூக்கிக் காட்டி "மாத்துதியாடே?" என்று கேட்க வேண்டும். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இதைச் சொன்னதுமே "மிச்சம் ரெண்டுதானே, பாதிக்குப் பாதி" என்று சண்டை தொடங்கும். 1990-இல் இதே மாதிரிப் புதிருக்கு அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் மர்லின் வோஸ் சாவந்த் சரியான விடையை எழுதியபோது முனைவர் பட்டம் பெற்றவர்களே எதிர்த்துக் கடிதம் போட்டார்கள். அதனால் மறுப்பவரை மட்டம் தட்ட வேண்டாம்.

முதலில் விதியைப் பேசி முடியுங்கள். வைத்தவருக்குப் பருப்பு இருக்குமிடம் தெரியும். தொட்டதையும் பருப்புள்ளதையும் தூக்கமாட்டார். எல்லா ஆட்டத்திலும் மாற்றக் கேட்பார். இதில் ஒன்று பிசகினாலும் விடை மாறும். ஆடுபவர் சரியாகத் தொட்டபோது மட்டும் மாற்றச் சொல்லும் கள்ளனிடம், மாற்றினால் தோல்விதான்.

இனி ஒரே கேள்வி: "மாத்துறவன் எப்போ தோப்பான்?" முதலில் தொட்டது சரியாக இருந்தால் மட்டும். அதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. மசியாவிட்டால் பத்துச் சிரட்டை வைத்து, எட்டுக் காலியைத் தூக்கிக் காட்டுங்கள். பெரும்பாலும் இங்கேயே குரல் தணியும்.

"புதுசா வர்றவனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே?" என்பது நல்ல கேள்வி. எதைத் தொட்டார்கள் என்று தெரியாதவருக்குப் பாதிக்குப் பாதிதான்; ஆடியவருக்கு அது தெரியும்.

ஆடிப் பார்க்கும்போது கண்ணுள்ள சிரட்டையைத் தவிருங்கள், ஓட்டை வழியே பருப்பு தெரியும். அடியில் துணி விரித்தால் சத்தம் வராது. வைக்கும் இடத்தைத் தாயக்கட்டைக்கு விடுங்கள், ஆறுமுகக் கட்டை என்றால் 1, 2 இடது. 3, 4 நடு. 5, 6 வலது. மனசுக்குத் தோன்றிய இடத்தில் வைத்தால் நம்மை அறியாமல் ஒரு ஒழுங்கு வந்துவிடலாம், ஆடுபவர் கண்டுபிடித்துவிடுவார். மாற்றி 30, மாற்றாமல் 30 ஆடி, ஒருவர் தாளில் குறிக்கட்டும். வெற்றி ஏறத்தாழ 20, 10 என வரும். நாலைந்து கூடக்குறைய இருப்பது சகஜம். பத்து ஆட்டத்தோடு நிறுத்தினால் தலைகீழாகவும் வரலாம், பிறகு உங்கள் பேச்சு எடுபடாது.

வைத்தவர் இடம் தெரியாமல் குருட்டாம்போக்கில் தூக்கினால்? 30-இல் சுமார் 10 தடவை பருப்பே வெளிப்படும். அவற்றைத் தள்ளினால் மீதி 20-இல் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பத்துக்குப் பத்து. அந்த ஆட்டத்தை மனதில் வைத்துப் பேசினவர் சொன்னது சரிதான்.