போடிமெட்டில் பிறந்தநாள் சைக்கிள் சவாரி

தேனி மாவட்டம் போடியிலிருந்து மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியலில் மிதிக்கத் தொடங்குங்கள். வெயில் ஏறினால் பாதியிலேயே நாக்கு தள்ளிவிடும். கிரீம் கேக் வேண்டாம், குலுங்கிக் கூழாகும். பிளம் கேக்கைத் துண்டு போட்டு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். மெழுகுவத்தி? மெட்டுக் காற்றில் நிற்காது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் வம்பு. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வந்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் சூடேறி, அதைக் கவ்வும் பேடு பளபளவென்று வழுவழுத்து, பிடிமானம் போய்விடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். அகல டயர் கொண்ட மலைச் சைக்கிள் என்றால், தார் ரோட்டுக்கு டயரில் சுமார் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று, மண்பாதைக்கு 28 போதும். வியர்த்த சட்டையோடு இறங்கினால் குளிரில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. மாற்றுச் சட்டை ஒன்று கட்டாயம்.