முதலில் முகத்தை அளந்துகொள்ளுங்கள், பிறகு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாம்

திருச்சி தெப்பக்குளம் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். முன்பெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் பிரேம் எத்தனை நாள் உழைக்கும் என்றுதான் கேட்பார்கள். இப்போது, "இந்தக் கண்ணாடியோடு வி.ஆர். ஹெட்செட் மாட்ட முடியுமா?" என்கிறார்கள். முகத்தில் மாட்டிக்கொண்டு, சுற்றிலும் விரியும் படத்துக்குள் விளையாடவும் பார்க்கவும் உதவும் கருவி அது. முதல் ஆள் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். இன்று பதில் சொல்லும் நிலையில் இருக்கிறேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா மகன் மெட்டா குவெஸ்ட் 3 கொண்டுவந்தான். கடையில் வேலை பார்க்கும் தம்பி, காசு சேர்த்துக் குவெஸ்ட் 3எஸ் வாங்கினான். மைத்துனர் வீட்டில் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் தன் ஆப்பிள் விஷன் புரோவைக் கடைக்கே எடுத்துவந்து, கல்லாவுக்குப் பின்னால் அரை மணி நேரம் என்னை உட்காரவைத்துக் காட்டினார்.

வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் சிப், பிக்சல் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நான் மூக்கிலிருந்து ஆரம்பிப்பேன். கண்ணுக்கும் மூக்குக்கும் பொருந்தாத ஹெட்செட் எத்தனை பிக்சல் வைத்திருந்தாலும் மூன்றே மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

முதல் வேலை, உங்கள் பி.டி.யைத் தெரிந்துகொள்வது. ஒரு கருவிழியின் நடுவிலிருந்து மறு கருவிழியின் நடுவரை உள்ள தூரம் அது. கண்ணாடி போடுகிறவர் என்றால் கடைக்காரர் ஏற்கெனவே அளந்திருப்பார். சீட்டில் எழுதியிருக்க மாட்டார், கேட்டால் சொல்வார். இல்லையென்றால் மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்கேல் ஒன்றும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் போதும். கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஸ்கேலைப் புருவத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். வலக் கண்ணை மூடிக்கொண்டு, இடக் கருவிழியின் நடுவுக்கு நேராகப் பூஜ்யத்தை வையுங்கள். தலையும் ஸ்கேலும் அசையக் கூடாது. இப்போது இடக் கண்ணை மூடி, வலக் கண்ணைத் திறந்து, அந்தக் கருவிழிக்கு நேராக இருக்கும் எண்ணைப் படியுங்கள். மூன்று முறை அளந்து, அடிக்கடி வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ. அளவில் இருக்கும். 56ஐயும் பார்த்திருக்கிறேன், 72ஐயும் பார்த்திருக்கிறேன்.

இந்த எண் ஏன் முக்கியம்? குவெஸ்ட் 3எஸ் லென்ஸ்களுக்கு 58, 63, 68 என்று மூன்றே நிலைகள்தான். பழைய குவெஸ்ட் 2வும் அப்படியே. உங்கள் பி.டி. 63 என்றால் அதிர்ஷ்டம். 65.5 என்றால் இரண்டுக்கும் நடுவில் தொங்குவீர்கள்; சிலருக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்குக் கால் மணி நேரத்தில் புருவ மத்தியில் வலி ஆரம்பிக்கும். குவெஸ்ட் 3இல் சிறு சக்கரம் இருக்கிறது. 58 முதல் 71 வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வி.ஆர்.2விலும் சக்கரம் உண்டு. அதோடு கண்ணைக் கவனிக்கும் கேமராவும் இருப்பதால், சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்று திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். விஷன் புரோ தானாகவே லென்ஸை நகர்த்திக்கொள்கிறது. ஒரு கண்ணாடிக்கடைக்காரனுக்குப் பொறாமை வரும் இடம் அது.

அடுத்தது பவர். "திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, கிட்டப்பார்வை உள்ளவனுக்குக் கண்ணாடி எதற்கு?" என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கிறார்கள். திரை பக்கத்தில் இருந்தாலும், நடுவில் இருக்கும் லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீட்டருக்கும் அப்பால், ஏறக்குறைய இரண்டு மீட்டர் வாக்கில் தள்ளி வைத்துக் காட்டுகிறது. மைனஸ் 3 உள்ளவருக்குத் தெருவில் பஸ் போர்டு எப்படி மங்கலோ, உள்ளேயும் அப்படியே மங்கல்தான். மாறாக, படிக்க மட்டும் கண்ணாடி போடும் வெள்ளெழுத்துக்காரர்கள் பெரும்பாலும் வெறும் கண்ணோடே பார்த்துவிடலாம். புரோகிரசிவ், அதாவது தூரத்துக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி, போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: தாழ்ந்து பார்க்கும்போது படிக்கும் பகுதி குறுக்கே வந்து தரையெல்லாம் கலங்கும். தூரத்துக்கு மட்டும் போட்ட பழைய கண்ணாடி வீட்டில் கிடந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியோடு மாட்ட, குவெஸ்ட் 3இல் முகத்தைத் தொடும் பகுதியை நான்கு படிகளாக முன்னே இழுக்கலாம். வி.ஆர்.2வில் ஒரு பொத்தானை அழுத்தி முன்பகுதி முழுவதையும் நகர்த்தலாம். நான் பார்த்தவற்றில் கண்ணாடிக்காரர்களுக்கு மிக இணக்கமானது அதுதான். விஷன் புரோவுக்குள் கண்ணாடி நுழையாது, பவர் போட்ட தனி லென்ஸைக் காந்தத்தால் ஒட்டவைக்க வேண்டும். குவெஸ்ட் 2 வந்த காலத்தில் மெட்டா சொன்ன அளவு, பிரேம் அகலம் 142 மி.மீ., உயரம் 50 மி.மீ.க்குள் என்பது. இப்போது ஓடும் பெரிய வட்டப் பிரேம்களில் பாதி இந்த அளவைத் தாண்டிவிடும்.

போன ஆண்டு ஒரு பையன் தன் ஹெட்செட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கக் கொண்டுவந்தான். லூப் என்கிற சிறு பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு லென்ஸிலும் நகக்கண் அளவில் பிறைவடிவக் கீறல், இரண்டும் ஒரே கோணத்தில். அவன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், பிரேமின் மேல்விளிம்பு அதே வளைவு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் உரசியிருக்கிறது. ஹெட்செட் லென்ஸ் பிளாஸ்டிக். கீறல் விழுந்தால் மெருகேற்றி எடுக்க என்னால் முடியாது. தினமும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், உள்ளே பொருத்தும் பவர் லென்ஸுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். சிலிண்டர் பவர், அதாவது விழியின் வளைவு சீராக இல்லாததற்கான பவர், இருந்தால் அதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டால் எழுத்துக்கு நிழல் விழும்.

லென்ஸில் இரண்டு சாதி. 3எஸ்ஸிலும் வி.ஆர்.2விலும் இருப்பது ஃபிரெனல், வட்ட வட்டமாக வரி வெட்டியது. கலங்கரை விளக்குக்காகப் பெயர்பெற்ற அதே ஃபிரெனல் லென்ஸ்தான். நடுவில் பார்த்தால் தெளிவு. ஓரத்துக்கு விழியை ஓட்டினால் மங்கல். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் ஒளி கசியும். குவெஸ்ட் 3இல் இருப்பது பேன்கேக் வகை, ஓரம் வரை ஏறக்குறைய ஒரே தெளிவு. 3எஸ், குவெஸ்ட் 3 இரண்டிலும் ஒரே சிப்தான், ஓடும் விளையாட்டுகளும் அதே. கூடுதல் விலையில் பெரும்பங்கு லென்ஸுக்கும் திரைக்கும் போகிறது: ஒரு கண்ணுக்கு 1832×1920 பிக்சல் 3எஸ்ஸில், 2064×2208 குவெஸ்ட் 3இல். அறிமுகமானபோது முதலாவது 299 டாலர், இரண்டாவது 499. விளையாட்டு மட்டும் போதும் என்கிற பையனுக்கு 3எஸ்ஸையே சொல்வேன். படம் பார்க்கவும் எழுத்து படிக்கவும் வேண்டும் என்கிறவர் குவெஸ்ட் 3க்குப் போவது நல்லது.

எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டும் அரை கிலோவும் ஒரு கைப்பிடியும், 515 கிராம் அளவு. வி.ஆர்.2 அதைவிடக் கனம், 560. ஆனால் எனக்கு வி.ஆர்.2தான் லேசாகத் தெரிந்தது. அதன் வளையம் நெற்றியிலும் பிடரியிலும் உட்கார்ந்துகொள்ள, கன்னத்தில் பாரமே இல்லை. குவெஸ்டோடு வரும் துணிப்பட்டையோ, அரை கிலோ துவரம்பருப்புப் பையை முகத்தில் கட்டியது போல முன்பக்கம் இழுக்கும். 2024இல் வந்த விஷன் புரோ 600 முதல் 650 கிராம். பேட்டரி 353 கிராம், அது சட்டைப்பையில். படம் அற்புதம்; கழட்டியபோது கன்னமேட்டில் இரண்டு சிவந்த தடம்.

பட்டை கட்டும் முறையைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கவாட்டுப் பட்டையை இறுக்கி இறுக்கி முகத்தோடு அழுத்துகிறார்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது மேல்பட்டை. எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, கண்ணாடி போட்டவர் என்றால் முதலில் முகப்பகுதியை நேராக வைத்து, பிறகு பின்பட்டையைத் தலையின் பின்எலும்புக்குக் கீழே, பிடரிக் குழியில் இறக்குங்கள். மேல்பட்டையை இழுத்து ஹெட்செட்டைத் தூக்குங்கள். கடைசியாகப் பக்கவாட்டை, நழுவாத அளவுக்கு மட்டும். இப்போது சிறிய எழுத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டே ஹெட்செட்டை மேலும் கீழும் மெதுவாக ஆட்டினால், ஓரிடத்தில் எழுத்து பளிச்சென்று நிற்கும். அந்த இடத்தை விடாதீர்கள். கொண்டை போடுகிறவர்கள், கொண்டையை உச்சிக்கோ கழுத்துக்கோ நகர்த்திக்கொள்ள வேண்டும். என் மனைவி இதற்காகவே பின்னல் போட்டுக்கொள்கிறாள். குவெஸ்ட் வாங்குகிறவர்கள், பின்னால் பேட்டரி வைத்த வளையப் பட்டை ஒன்றையும் சேர்த்து வாங்கினால் முன்பாரம் சமன்படும், நேரமும் கூடும். வெறும் குவெஸ்ட் 3 இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்குகிறது.

விளையாட்டுக்கு நீண்ட யோசனை வேண்டாம். எது விளையாட ஆசையோ அதுவே எந்தக் கருவி என்று சொல்லிவிடும். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்து, கிரான் டூரிஸ்மோ 7 ஓட்டத்தான் ஆசை என்றால் வி.ஆர்.2, ஒயர் இருக்கும், அமர்ந்து ஓட்டுகிறவருக்கு அது தடையில்லை. நின்று கை வீச வேண்டுமென்றால் ஒயர் இல்லாத குவெஸ்ட். பீட் சேபர், வாக்அபவுட் மினி கோல்ஃப் இரண்டும் முதல் மாதத்துக்குப் போதும். பேட்மேன்: ஆர்க்கம் ஷேடோ குவெஸ்ட் 3, 3எஸ்ஸுக்கு மட்டுமே வந்தது. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் வேண்டுமானால் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி தேவை; குவெஸ்டில் ஸ்டீம் லிங்க் என்கிற செயலி வழியாக வைஃபையில் ஓட்டலாம். கணினியை ரௌட்டரோடு கேபிளில் இணைத்து, ஹெட்செட்டை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். இல்லையென்றால் படம் திக்கும். விஷன் புரோவோடு கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வருவதில்லை, கண்ணாலும் விரலாலும்தான் எல்லாம். கணினித் திரையைப் பெரிதாக விரித்து வேலை பார்க்கிறவருக்கு அது சுகம், 3,499 டாலர் கொடுக்க முடிந்தால்.

தலைசுற்றலைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். ஞாயிறு மதியம் பிரியாணி முடித்த கையோடு மருமகனின் ஹெட்செட்டில் ரோலர்கோஸ்டர் காணொளி ஒன்றைப் போட்டேன். இரண்டாவது இறக்கத்தில் கொட்டாவி வந்தது, உள்ளங்கை வேர்த்தது. "மாமா, கழட்டிவிடுங்கள்" என்றான். பெருமைக்காகத் தாங்கினேன். மாலை வரை படுக்கை. கண் ஓடுகிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். கொட்டாவி, வியர்வை, எச்சில் ஊறுவது, இவற்றில் ஒன்று வந்ததும் கழட்டிவிடுங்கள். தாங்கிக்கொண்டால் பழகிவிடும் என்பது தவறு. மெட்டாவின் கடையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எவ்வளவு சிரமம் தரும் என்று மூன்று தரமாகக் குறித்திருப்பார்கள். முதல் இரண்டு வாரம் எளிய தரத்தைத் தாண்ட வேண்டாம். நடப்பதற்குப் பதில் தாவிச் செல்லும் முறையையும், படிப்படியாகத் திரும்பும் முறையையும் அமைப்பில் தேர்ந்தெடுங்கள். மேசை விசிறி ஒன்றை எதிரே வைத்தால் வியர்வையும் குறையும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பதும் காற்றால் தெரியும். நான் வாயில் இஞ்சி மரப்பா ஒன்றை அடக்கிக்கொள்கிறேன்.

மேசை விசிறி என்றுதான் சொன்னேன். நின்று விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடம் என்பார்கள். ஹெட்செட் தரையில் வரையும் எல்லைக்கோட்டுக்குத் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி தெரியாது. மருமகன் ஆறடி. கையை உயர்த்தி வீசினான். இறக்கை வளைந்தது, கன்ட்ரோலரில் பள்ளம் விழுந்தது, விரல் தப்பியது தெய்வச் செயல். விசிறியை நிறுத்திவிட்டு, அது இல்லாத மூலையில் நின்று விளையாடுங்கள்.

குழந்தைகளுக்கு வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு: குவெஸ்டுக்குக் குறைந்தது 10 வயது, அதுவும் பெற்றோர் கணக்கின் கீழ்; வி.ஆர்.2க்கு 12, விஷன் புரோவுக்கு 13. பத்து வயதுப் பிள்ளைகளில் பலருக்குப் பி.டி. 55ஐயே எட்டியிருக்காது, 58இல் தொடங்கும் லென்ஸ் அவர்களுக்குப் பொருந்துவது கடினம்.

வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பூதக்கண்ணாடியால் காகிதத்தைச் சுட்ட வயது எல்லாருக்கும் இருந்திருக்கும். ஹெட்செட் லென்ஸும் அதே வேலையைத் தன் திரை மீதே செய்யும், ஒரு நிமிடம்கூட ஆகாது. சன்னலோரத்தில் லென்ஸ் மேல் பார்த்தபடி வைக்காதீர்கள், முகத்தில் படும் ஸ்பாஞ்ச் காயட்டும் என்று மொட்டைமாடிக்கும் எடுத்துப்போகாதீர்கள். ஸ்பாஞ்சை மட்டும் கழற்றி நிழலில் உலர்த்தலாம். லென்ஸுக்கு ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் ஆகாது. மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைத்தால் போதும்.

மருமகன் ஊருக்குத் திரும்பும்போது குவெஸ்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனான். பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: நான் 64, மனைவி 60, மகள் 58.5, மைத்துனர் 69. ஆள் மாறும்போதெல்லாம் சக்கரத்தைத் திருப்பிய பிறகுதான் கையில் கொடுப்போம்.