எபிரெயர் 6ஆம் அதிகாரத்தைக் கண்டு அஞ்சுகிறவரோடு உட்கார்ந்து வாசிக்கும் முறை

வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் மட்டும் பின்தங்கி நின்று, ‘விசுவாசத்தினாலே கிடைத்த இரட்சிப்பு, பாவம் செய்தால் போய்விடுமா?’ என்று தணிந்த குரலில் கேட்பார். அநேகமாக அவர் எபிரெயர் 6:4-6ஐ ஏற்கெனவே பலமுறை வாசித்து, மறுதலித்துப்போனவர்களை ‘மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்’ என்ற சொற்களில் தம் பெயரையே கண்டிருப்பார். அவருக்கு அந்த இடத்திலேயே ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லி அனுப்பிவிட வேண்டாம். ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பழைய திருப்புதல் வேதாகமம் ஒன்றையும் வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு, அவரோடு உட்காருங்கள். சபையில் வேதபாடம் நடத்தும் போதகரல்லாத ஊழியர்களை மனதில் கொண்டு இதை எழுதுகிறேன்.

வேதாகமத்தைத் திறப்பதற்கு முன்பு கேட்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். செய்த பாவத்தை நினைத்துத் தூக்கம் வராமல் கேட்கிறவரும், விட மனமில்லாத ஒரு பாவத்துக்கு இடம் உண்டா என்று அளந்து பார்ப்பதற்காகக் கேட்கிறவரும் ஒரே சொற்களில்தான் கேட்பார்கள். எபிரெயர் நிருபத்தின் எச்சரிப்பு இரண்டாமவருக்குத் தேவை. முதலாமவரிடம் அதை மட்டும் வாசித்தால் முறிந்த நாணலை ஒடித்தவர்களாவோம். பாவத்தின் விவரங்களைத் துருவ வேண்டாம். ‘இப்போது கிறிஸ்துவை என்ன செய்ய விரும்புகிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். அவரிடம் திரும்பி வர விரும்புகிறேன், ஆனால் வழி அடைபட்டிருக்குமோ என்று பயப்படுகிறேன் என்பது பதிலானால், அந்தப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அது தேவைப்படும்.

இந்தப் பயம் புதியதல்ல. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் பன்யன், கிறிஸ்துவை விற்றுப்போட்டேன் என்ற எண்ணத்தில் சிக்கி, மூத்த மகனுக்குரிய உரிமையை விற்றுப்போட்ட ஏசா பின்பு கண்ணீர்விட்டுத் தேடியும் தள்ளப்பட்டதைச் சொல்லும் எபிரெயர் 12:17ஐக் கண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வதைபட்டார். வேறு ஆறுதல் வசனங்களைத் தேடி ஓடியதோடு அவருடைய போராட்டம் முடிந்துவிடவில்லை. பயமுறுத்திய 6, 10, 12ஆம் அதிகாரங்களுக்கே திரும்பிப்போய், அவை உண்மையில் என்ன சொல்லுகின்றன என்று நிதானமாகப் பார்த்தபோதுதான், அவை தம்முடைய நிலையைக் குறிக்கவில்லை என்று கண்டார். நாமும் அதே வழியில்தான் போகப்போகிறோம்.

வாசிப்பை 6:4இல் தொடங்காமல் 5:11இல் தொடங்கி, 6:12 வரை நிறுத்தாமல் ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு 10:32-34க்குப் போய், இந்த நிருபத்தைப் பெற்றவர்கள் யார் என்று பாருங்கள். நிந்தைகளையும் உபத்திரவங்களையும் சகித்தவர்கள் அவர்கள்; தங்கள் ஆஸ்திகளைக் கொள்ளையிடக் கொடுத்தவர்கள். இப்போதோ களைத்துப்போய், கிறிஸ்துவை விட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று பழைய பலிமுறையின் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே 6ஆம் வசனத்தில் வரும் ‘மறுதலித்துப்போனவர்கள்’ என்ற சொல், கோபத்தில் தகாத வார்த்தை பேசியவரையோ, இச்சையில் விழுந்து அழுகிறவரையோ குறிக்கவில்லை. கிறிஸ்துவை அறிந்தபின், அவர் எனக்கு வேண்டாம் என்று சொல்லி விலகுகிறவரையே குறிக்கிறது. விழுதல் வேறு, மறுதலித்துப்போதல் வேறு என்பதை இங்கேயே நிறுத்தி நன்றாக விளங்கச் செய்யுங்கள், ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலோரின் குழப்பம் இதில்தான் இருக்கிறது.

அடுத்து, நம்முடைய மொழிபெயர்ப்பில் சில இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘பரிசுத்த ஆவியைப் பெற்றும்’ என்று பழைய திருப்புதலில் வருமிடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள ‘மெடோகோஸ்’ என்ற சொல்லுக்குப் பங்காளி, பங்குள்ளவர் என்பதே பொருள். இதே சொல் 3:14இல் ‘கிறிஸ்துவினிடத்தில் பங்குள்ளவர்களாயிருப்போம்’ என்று சரியாகவே வருகிறது. ஆனால் அந்த வசனத்தில் வேறொரு சிக்கல் உண்டு. நம்பிக்கையை முடிவுபரியந்தம் பற்றிக்கொண்டால் இனிமேல் பங்குள்ளவர்களாவோம் என்று தமிழில் எதிர்காலமாக ஒலிக்கும் அந்த வினை, மூலத்தில் ‘ஆகியிருக்கிறோம்’ என்ற முடிந்த நிலையைக் காட்டுகிறது. முடிவுவரை பற்றிக்கொள்வது பங்கைச் சம்பாதிக்கும் கூலியா, ஏற்கெனவே பங்கு பெற்றவர் என்பதற்கு அடையாளமா என்ற பெரிய விவாதமே இந்த ஒரு வினைமுற்றில் தொங்குகிறது என்றால் மிகையல்ல.

இதற்கு நேர்மாறாக 10:26இல் தமிழ் நமக்குத் துணை செய்கிறது. ‘மனப்பூர்வமாய்ப் பாவஞ்செய்கிறவர்களாயிருந்தால்’ என்ற நீண்ட சொல்லை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை செய்ததையல்ல, தெரிந்தே செய்துகொண்டிருப்பதை அது சொல்லுகிறது. 29ஆம் வசனமோ அதைத் தேவனுடைய குமாரனைக் காலின்கீழ் மிதிப்பதாக விளக்குகிறது. ஆனால் 1 யோவான் 3:9இல், ‘தேவனால் பிறந்த எவனும் பாவஞ்செய்யான்’ என்று வாசிக்கும்போது அந்தத் தொடர்ச்சி தமிழில் மறைந்துவிடுகிறது. மூலத்தில் இருப்பது நிகழ்கால வினை. பாவத்திலேயே நிலைத்திருக்கமாட்டான் என்று பலர் அதை விளக்குகிறார்கள். அதே யோவான் அதே நிருபத்தின் 2:1இல், ஒருவன் பாவஞ்செய்வானானால் நமக்காகப் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருப்பதையும் உடனே வாசித்துவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு சபைகள் இதில் வேறுபடுகின்றன என்ற உண்மையை மறைக்காமல் சொல்லுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547இல் நடத்திய ஆறாம் அமர்வு, அவிசுவாசத்தால் மட்டுமல்ல, சாவான பாவம் ஒவ்வொன்றாலும் நீதிமானாக்கும் அருள் இழக்கப்படுகிறது, விசுவாசம் இழக்கப்படாவிட்டாலும்கூட, என்று அறிவித்தது. இழந்தவருக்கு, பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்தின் வழி திறந்திருக்கிறது என்றும் போதித்தது. லுத்தரன் சபைகள் ஏற்கும் 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 12ஆம் பிரிவு, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்போரையும், ஞானஸ்நானத்துக்குப்பின் விழுந்தவர் மனந்திரும்பினாலும் மன்னிப்பில்லை என்ற நோவேஷியன் கூட்டத்தாரையும் ஒருசேரக் கண்டிக்கிறது. 1618-19இல் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மாமன்றமோ, இரட்சிப்புக்கென்று தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கொடிய பாவத்தில் விழக்கூடும், ஆனாலும் தேவன் அவர்களை முற்றிலும் விழுந்துபோக விடமாட்டார் என்று தீர்மானித்தது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை ஏற்காமல், மெய்யான விசுவாசியும் முடிவாக விழுந்துபோகக் கூடும் என்று எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினரோடு மெதடிஸ்டுகளும் ஒன்றானார்கள். ஆகவே டார்ட்டின் பேரப்பிள்ளைகளும் வெஸ்லியின் பேரப்பிள்ளைகளும் ஒரே பந்தியில் திருவிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்காகச் சபையைப் பிளக்கத் துடிக்கும் வாலிபருக்கு இதைச் சொல்லுங்கள்.

என் கணிப்பைக் கேட்டால், பாவம் என்ற காரணத்துக்காக மட்டும் தேவன் தம் பிள்ளையைத் தள்ளிவிடுகிறார் என்பதற்கு நிருபங்களில் ஆதாரம் இல்லை. ஆனால் கிறிஸ்துவையே உதறுகிறவருக்கு, முன்பு ஒருநாள் கையை உயர்த்தி ஜெபித்தேன் என்பது அடைக்கலம் ஆகாது. அப்படிப் போனவர் இரட்சிப்பை இழந்தாரா, முதலிலிருந்தே பெறவில்லையா என்பதில்தான் மரபுகள் மோதுகின்றன. ‘அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை’ என்ற 1 யோவான் 2:19ஐ ஒரு சாரார் காட்டுவார்கள். பவுலோடு உழைத்துப் பின்பு இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசை வைத்துப் பிரிந்துபோன தேமாவை மறுசாரார் காட்டுவார்கள். அன்றைய மாலையில் அந்த வழக்கை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

பயந்து வந்தவருக்கு, இப்போது பேதுருவைக் காட்டுங்கள். பயத்தில் மூன்றுமுறை மறுதலித்துவிட்டுப் பின்பு அழுதவருக்கு இயேசு முன்கூட்டியே சொன்னது, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன் என்பது. 51ஆம் சங்கீதத்தில் தாவீது திரும்பக் கேட்டது இரட்சண்யத்தை அல்ல, ‘இரட்சண்யத்தின் சந்தோஷத்தை’ என்பதையும் விரல் வைத்துக் காட்டுங்கள். அதற்கு முந்தின வசனத்தில், பரிசுத்த ஆவியை எடுத்துக்கொள்ளாமலிரும் என்று அவர் நடுங்கியதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு அந்தத் தாளை எடுத்து, அவர் சொன்ன பதிலை அவரையே வாசிக்கச் செய்யுங்கள். கிறிஸ்துவை மிதிக்கிறவர், கிறிஸ்து தம்மைத் தள்ளிவிடுவாரோ என்று அழுதுகொண்டிருக்கமாட்டார். அளந்து பார்க்க வந்தவருக்கோ, ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே’ என்ற ரோமர் 6ஐ வாசித்து, என் ஆடுகளை ஒருவனும் என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை என்ற யோவான் 10:28ஐ இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சில வேளைகளில் கேள்வி தம்மைப் பற்றியதாகவே இராது. ஞானஸ்நானம் எடுத்து, சில வருஷம் ஒழுங்காகச் சபைக்கு வந்து, பின்பு குடியில் விழுந்து செத்துப்போன தகப்பனைப் பற்றி மகள் கேட்பாள். அவளிடம் தீர்ப்பு எதையும் சொல்ல வேண்டாம். கர்த்தர் தம்முடையவர்களை அறிவார் என்ற 2 தீமோத்தேயு 2:19ஐ வாசியுங்கள், அப்பா நன்றாயிருந்த நாட்களில் எந்தப் பாட்டை விரும்பிப் பாடுவார் என்று கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கிறவரை வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.