சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேரப்பிள்ளைகள் உங்கள் பொறுப்பில்: முதல் தடவை பாட்டிகளுக்கு ஒரு செய்முறை

மகனும் மருமகளும் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். வெள்ளி ராத்திரி பிள்ளைகளை விட்டுவிட்டு ஞாயிறு சாயங்காலம் வந்து கூட்டிப் போவார்கள். "உங்களால முடியுமா அம்மா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "இதென்ன கேள்வி, நாலு பிள்ளை வளர்த்தவ நான்" என்போம். வளர்த்தது உண்மைதான். ஆனால் அப்போது நமக்கு இருபத்தைந்து வயது, வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் கூடமாட இருந்தார்கள். இப்போது மூட்டுவலி இருக்கிறது, பிரஷர் மாத்திரை இருக்கிறது, கூட இருக்கும் ஒரே ஆள் செய்தித்தாளுக்குப் பின்னால் இருக்கிறார்.

அதனால் இந்த விளக்கம் பிள்ளைகளைப் பற்றி மட்டுமல்ல, உங்கள் உடம்பையும் உங்கள் வீட்டையும் பற்றியது. ஆறு வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கைக்குழந்தை என்றால் கதையே வேறு, அதற்கு இது போதாது.

படி 1: புதன்கிழமையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பழைய நோட்டில் எழுதுங்கள். மகள் என்றால் அதட்டிக் கேட்கலாம். மருமகள் என்றால், "எனக்கு மறதி ஜாஸ்தி, ஒண்ணொண்ணா சொல்லும்மா" என்று ஆரம்பித்தால் முகம் சுளிக்காமல் சொல்லுவாள்.

முதலில் இரண்டு பேருடைய எடை. காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பொறுத்ததல்ல. எந்த மருந்தோ சாப்பாடோ ஒத்துக்கொள்ளாது, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண், காப்பீட்டு அட்டையின் போட்டோ. இதெல்லாம் எல்லோருக்கும் தோன்றும்.

தோன்றாதது இது: சின்னவன் ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்லுவான்? ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு சொல். அது தெரியாவிட்டால் அவன் மூன்று தடவை சொல்லியும் உங்களுக்குப் புரியாது, பாய் நனையும். இன்னொன்று, அபார்ட்மெண்டில் வளரும் பிள்ளைக்கு நம் வீட்டில் குத்தவைத்து உட்காரும் கக்கூஸ் என்றால் பயம். இரண்டு நாளும் அடக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் வயிறு வலிக்கிறது என்று அழும். வீட்டில் அந்த மாதிரி இருந்தால் சின்னவன் உட்கார்ந்து போகிற பிளாஸ்டிக் பானை (potty) ஒன்றைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.

தூங்கும்போது எதைக் கட்டிக்கொள்வான் என்றும் கேளுங்கள். அழுக்குத் துண்டோ காது பிய்ந்த பொம்மையோ, அதை மறந்து வந்தால் உங்களுக்குச் சிவராத்திரிதான்.

படி 2: வீட்டைத் தரையில் உட்கார்ந்து பாருங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நம் வீடு வயதான இரண்டு பேருக்கு வசதியாக அமைந்த வீடு. நமக்கு எதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதோ, அதெல்லாம் அவனுக்கும் எட்டும்.

*மாத்திரைகள்.* காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட டப்பாவில் போட்டு வைத்திருப்போம். நமக்குத் திறக்கச் சுலபம், அவனுக்கும் சுலபம், பார்க்கவும் மிட்டாய் மாதிரியே இருக்கும். சர்க்கரை மாத்திரைகளில் சில, ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்னக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், அதுவும் உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்துக்கூட. பிரஷர் மாத்திரைகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. டப்பாவைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். உங்கள் கைப்பை, தலையணை அடி, தாத்தாவின் சட்டைப் பை மூன்றையும் மறக்காதீர்கள். தின்றிருப்பானோ என்று சந்தேகம் வந்தால்கூட, "நல்லாத்தானே விளையாடுறான்" என்று காத்திருக்காமல் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

*பட்டன் பேட்டரி.* ரிமோட்டில் இருக்கும், எடை பார்க்கும் மிஷினில் இருக்கும், தாத்தாவின் காது மிஷினில் கட்டாயம் இருக்கும். பழசைக் கழற்றி ஜன்னல் திண்டில் வைப்பது அவர் வழக்கமாக இருந்தால், அந்தத் திண்டை இன்றைக்கே பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அங்கே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளவும் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

*சாமி அறை.* கற்பூரம் நமக்குப் புனிதம், குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வரலாம். துணிக்கு நடுவிலும் வாஷ்பேசினிலும் போட்டிருக்கும் பாச்சா உருண்டையும் அப்படித்தான். கொசு மருந்துப் புட்டி, மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் எல்லாம் மேல் அலமாரிக்குப் போகட்டும்.

*தண்ணீர்.* குளியலறையில் வாளி நிறையப் பிடித்து வைப்பது நம் தலைமுறைக்கு ரத்தத்தில் ஊறியது. இரண்டு நாளைக்கு அதை விடுங்கள். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழும் பிள்ளையால் தானாக எழுந்திருக்க முடியாது, சத்தமும் கேட்காது. வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், தரைத்தொட்டி மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போடுங்கள்.

*சமையலறை.* அரிவாள்மனை பரணுக்கு. கொதிக்கிற ரசத்தையும் சாம்பாரையும் இறக்கித் தரையில் வைக்கும் பழக்கத்தை இரண்டு நாளைக்கு மூட்டை கட்டுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு அதன் கீழே இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம், மாவு, மை, பற்பசை எதுவும் வேண்டாம். இந்த இருபது நிமிடம் என்பது ரொம்ப நீளமாகத் தெரியும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிடியுங்கள்.

ஊஞ்சல் இருந்தால் கொக்கியிலிருந்து கழற்றிவிடுவதே நல்லது. சங்கிலியில் விரல் மாட்டும்.

படி 3: நீங்கள் விழுந்தால் யார்?

இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். குளியலறையில் உங்களுக்குக் கால் வழுக்கினால், தாத்தா வெளியே போயிருந்தால் அந்த நிமிஷம் வீட்டில் மூன்று பேர் ஆதரவில்லாமல் நிற்பீர்கள். அதனால் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். பேத்திக்கு அந்த வீட்டு மாமியின் எண்ணை ஒரு தடவை போன் போட்டுப் பழக்கிக் காட்டுங்கள். 108 என்பதையும் உங்கள் தெருப் பெயரையும் அவள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் பெரிய மனுஷி மாதிரி செய்யும், பயப்படுத்தாமல் விளையாட்டாகச் சொன்னால் போதும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். எண்ணெய்த் தரையில் வழுக்குவது முதலில் நம் கால்தான். கட்டாயம் செய்தே தீருவேன் என்றால் உச்சியில் வைத்துத் தேய்த்துவிடுங்கள், ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழைய வழக்கம் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும்.

படி 4: வெள்ளி ராத்திரி, வழியனுப்பு

பிள்ளை பொம்மையில் மூழ்கியிருக்கும்போது பெற்றவர்கள் பின்வாசல் வழியாக நழுவுவது நம் ஊர் வழக்கம். செய்ய விடாதீர்கள். அடுத்த இரண்டு நாளும் நீங்கள் கொல்லைக்குப் போனாலும் அவன் பின்னாலேயே வருவான். சொல்லிவிட்டுப் போகட்டும், அழட்டும், அந்த அழுகை சீக்கிரமே அடங்கும்.

மூன்று வயதுக்கு "ஞாயிற்றுக்கிழமை" என்றால் ஒன்றும் புரியாது. தினசரி காலண்டரைக் காட்டுங்கள். "காலையில எழுந்து ஒரு தாள் கிழிப்பே. தூங்கி எழுந்து இன்னொரு தாள் கிழிப்பே. அன்னிக்குச் சாயங்காலம் அம்மா வந்துடுவா." கிழிக்கிற உரிமை அவனுக்கே என்று அக்காவிடமும் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் காலையிலேயே பஞ்சாயத்து.

படி 5: சாப்பாடு

வியாழக்கிழமை மாவு அரைத்துவிடுங்கள். சனி காலை இட்லி, ராத்திரி தோசை, ஞாயிறு கொஞ்சம் புளித்திருக்கும், குழிப்பணியாரம். மதியத்துக்குப் பருப்பு சாதமும் நெய்யும், உருளைக்கிழங்கு வறுவலும். அவ்வளவுதான். புதுசாக எதையும் முயற்சி பண்ணாதீர்கள், அடுப்படியில் நிற்கும் நேரம் குறைந்தால் கண் பிள்ளைகள் மேல் இருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் துரத்த வேண்டாம். ஒரு வேளை குறைத்துச் சாப்பிட்டால் அடுத்த வேளை சேர்த்துச் சாப்பிடுவான்.

நாம் ஆசையாக வாங்கி வைக்கும் பலகாரங்களில் பாதி சின்னவனுக்கு ஆகாது: கமர்கட், கடலைமிட்டாய், வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, முழுத் திராட்சை. ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு இவை தொண்டையில் அடைக்கும். திராட்சையை நெடுக்காக நாலாக நறுக்கிக் கொடுங்கள். சாப்பிடும்போது ஓட விடாதீர்கள், சிரிப்பு மூட்டாதீர்கள்.

படி 6: பகலை ஓட்டுவது

காலை வெயில் ஏறுவதற்குள் ஒரே ஒரு வெளிச்சுற்று. இரண்டு நாளில் ஒரே ஒரு ஊர்சுற்றல் போதும். எங்கள் திருச்சியில் என்றால் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015இல் திறந்தது, இருபத்தைந்து ஏக்கர், ஓட இடம் உண்டு. முக்கொம்பு அழகுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் தண்ணீரும் சேர்ந்த இடத்துக்கு இரண்டு பிள்ளைகளோடு தனியாக நான் போக மாட்டேன். அம்மா மண்டபம் படித்துறையும் அப்படியே. கிளம்பும்போது அன்றைய சட்டையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் எண்ணை அவர்கள் கையில் பேனாவால் எழுதுங்கள். குறுக்கே மாட்டும் பையாக எடுங்கள், இரண்டு கையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

மதியம் சின்னவன் தூங்குவான். மூன்று நாலு வயதுக்கு ஒரு நாளைக்குப் பத்திலிருந்து பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பகல் தூக்கமும் சேர்த்துத்தான். அவன் தூங்கும்போது பாத்திரம் தேய்க்க எழுந்தீர்களோ, சாயங்காலம் நீங்கள் சிடுசிடுப்பீர்கள். படுத்துவிடுங்கள். பாத்திரம் கிடக்கட்டும்.

பேத்தி தூங்க மாட்டாள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட அவளுக்குப் பல்லாங்குழி. சொல்லிக்கொடுக்கும் முறை இது:

ஆளுக்கு ஏழு குழி, மொத்தம் பதினாலு. ஒவ்வொன்றிலும் ஐந்து புளியங்கொட்டை. தன் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடரணும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், ஆட்டம் எதிராளிக்குப் போகும். நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரருக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும், உங்கள் ஊர் விதியையே சொல்லிக்கொடுங்கள். அவளுக்கு விதி பிடிபட்டதும் நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளலாம், இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொள்வாள். சின்னவன் எழுவதற்குள் கொட்டைகளை எண்ணி டப்பாவில் போட வேண்டும். அவன் மூக்கில் போட்டுக்கொள்வான்.

செல்போன் கொடுக்கலாமா? கொடுங்கள், ஆனால் நேரம் பார்த்து. நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது கணக்கு. அந்த ஒரு மணியைக் காலையிலேயே கரைத்துவிடாமல், நீங்கள் சமைக்கும் நேரத்துக்கென்று பத்திரப்படுத்துங்கள். "அரை மணி நேரம்" என்றால் அவனுக்குத் தெரியாது, "ரெண்டு கதை" என்றால் தெரியும்.

பெற்றவர்களின் வீடியோ கால் படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்ததும் உதடு பிதுக்கும். சாயங்காலம் பலகாரம் தின்னும்போது பேசட்டும்.

படி 7: காய்ச்சல், வயிற்றுப்போக்கு

பாராசிட்டமால் சிரப் ஒரே மாதிரி இருக்காது. 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. பாட்டிலில் போட்டிருப்பதைப் படித்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், டாக்டரிடமோ மருமகளிடமோ கேட்டு உறுதி செய்துகொண்டு, பாட்டிலோடு வந்த மூடியில் அளந்து கொடுங்கள். வீட்டு ஸ்பூன் வேண்டாம். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். தாத்தாவின் ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குத் தொடவே கூடாது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் கரைக்க வேண்டும், தம்ளருக்குக் கொஞ்சமாகப் போடக் கூடாது. ஒரு நாள் தாண்டினால் கீழே ஊற்றிவிடுங்கள். துவண்டு கிடந்தால், எதையும் குடிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், வெகுநேரம் ஒன்றுக்குப் போகாவிட்டால் வீட்டு வைத்தியம் போதும் என்று இருக்காதீர்கள்.

இதில் எது நடந்தாலும் பெற்றவர்களுக்கு உடனே சொல்லுங்கள். கல்யாண வீட்டில் பதறுவார்களே என்று மறைத்தால், அடுத்த தடவை விட மாட்டார்கள்.

படி 8: ராத்திரி

கட்டிலில் வேண்டாம், எல்லோருக்கும் தரையில் பாயோ மெத்தையோ. விழுந்து எழ வேண்டியதில்லை. கொசுவர்த்திக்குப் பதிலாகக் கொசுவலை. கக்கூஸுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும், அவர்களுக்கும் உங்களுக்கும்.

கதை கேட்பார்கள். ராஜா ராணி தீர்ந்துபோனால், "உங்க அப்பா சின்ன வயசுல..." என்று ஆரம்பியுங்கள். அப்பா கணக்கு நோட்டை ஒளித்து வைத்த கதைக்கு ஈடாக எந்த ராஜாவும் இல்லை.

படி 9: ஒப்படைப்பு

ஞாயிறு சாயங்காலம் அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, முழங்காலில் இருக்கும் சிராய்ப்பை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மருமகளாகக் கண்டுபிடித்தால் சின்னக் காயமும் பெரிய காயமாகிவிடும். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், மருந்து கொடுத்திருந்தால் எப்போது என்று நோட்டுத் தாளைக் கிழித்துக் கொடுங்கள். "பிள்ளைக்கு ஒண்ணுமே ஊட்டறதில்லையா, இப்படி இளைச்சிருக்கான்" என்ற வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள், கோயிலுக்குப் போவது உட்பட. கிளம்பும் வாசலிலேயே, "அடுத்த வாரமும் ஒரு பங்ஷன் இருக்கும்மா..." என்று இழுப்பார்கள். உடம்பு தாங்காது என்று தோன்றினால், "இந்த மாசம் முடியாதுப்பா, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.